வானா, துருசா? கை நீட்டும் ஆண்களோடு பேசப் பழகுவது பற்றி

"மனிசிக்கு அடிக்கிறவனோட இருந்து கதைக்கவும் ஒரு பயிற்சியோ?" கிளிநொச்சியில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்த் திரும்பிய மாலை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. அடிவாங்கினவளுக்கே ஒரு கதவு ஒழுங்காகத் திறக்காத ஊரில், அடித்தவனுக்குக் கதிரை போட்டு இருத்துவதா?

அடுத்த நாள் அதே பட்டறைத் தேநீர் நேரத்தில் ஓர் உத்தியோகத்தர் சொன்னார்: "இது கோபத்தை அடக்கிறதுக்கான பயிற்சிதானே. மூச்சை இழுத்து விடச் சொல்லிக் குடுக்கிறது."

இரண்டு பேரும் பயிற்சியைப் பிழையாக விளங்கிவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களின் விளக்கமும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுத நினைத்தேன்.

முதலில் ஒன்று. நான் சொல்லும் பயிற்சி உத்தியோகத்தர்களுக்கானது. கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், பொலிஸார், உளவளத்துணையாளர், ஆசிரியர், பாதர் என்று எத்தனையோ பேர் வீட்டில் வன்முறை செய்யும் ஆண்களை நாளாந்தம் சந்திக்கிறார்கள். மானியப் படிவத்துக்கோ, பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்கோ, காணிப் பிரச்சினைக்கோ வருகிற அதே மனிதர்தான் அவர். அவரோடு பேசவேண்டித்தான் வரும். எப்படிப் பேசினால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து குறையும், எப்படிப் பேசினால் கூடும் என்பதுதான் பாடம்.

வான் பாய்வதும் துருசு திறப்பதும்

"கோபம் வந்தால் அந்தாளுக்குக் கண் மண் தெரியாது." இதைக் கேட்காத ஊர் இல்லை. இதன் பின்னால் ஒரு படம் இருக்கிறது: மனிதனுக்குள் கோபம் குளத்துத் தண்ணீர் போல ஏறுகிறது, மட்டம் தாண்டியதும் வான் பாய்கிறது, அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்தோடுகிறது, யாராலும் மறிக்க முடியாது.

வன்னியில் இருப்பவர்களுக்குக் குளத்தைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. இரணைமடுப் பெரிய குளத்துக்கு வான்கதவுகள் உண்டு, அதை விடுங்கள். உங்கள் ஊர்ச் சின்னக் குளத்தை நினையுங்கள். மாரி மழையில் அது நிரம்பினால் தானாக வான் பாயும். யாருடைய வயல், யாருடைய வளவு என்று பார்க்காது. வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசு அப்படி இல்லை. அதை ஓர் ஆள் போய்த் திறக்கவேண்டும். எந்த வாய்க்காலுக்கு, எவ்வளவு நேரம், எப்போது மூடுவது என்பதெல்லாம் அந்த ஆளின் கையில்.

இப்போது வீட்டில் அடிக்கும் ஒருவரைப் பாருங்கள். பகலில் லீசிங்காரன் வந்து டிராக்டரைத் தூக்குவோம் என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறான். கோபம் வராமலா இருக்கும்? ஆனால் அவனுக்கு அடி விழுவதில்லை. சோதனைச்சாவடியில், வங்கியில், முதலாளியின் முற்றத்தில் அதே மனிதர் தலையைக் குனிந்து பேசுகிறார். அடி விழுவது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு. அதுவும் சட்டைக்கு வெளியே தெரியாத இடத்தில். பக்கத்து வீட்டு மாமா கேற்றைத் தட்டினால் கை நிற்கிறது, "ஒண்டுமில்லை மாமா" என்று குரலும் மாறுகிறது. கண் மண் தெரியாதவருக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது.

எனவே இது துருசு. கோபம் உண்மையாக இருக்கலாம். ஆனால் யார் மேல், எப்போது, எந்த அளவில் என்பதை அவர் தெரிவு செய்கிறார். எல்லா நேரமும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்கிறார் என்று சொல்லவரவில்லை. பழகிப்போன கை, யோசிக்காமலே துருசைத் திறக்கும். பழகிய கை என்றால் வேறு விதமாகவும் பழக்கலாம் என்பதால்தான் இந்த வேலையே இருக்கிறது.

அடி மட்டும்தானா?

குடும்ப வன்முறை என்றதும் எங்களுக்கு வீங்கிய கன்னம் ஞாபகம் வரும். ஆனால் அடி அடிக்கடி விழத் தேவையில்லை. ஒரு தடவை விழுந்தால் போதும், அதன் பிறகு ஒரு பார்வையே வேலை செய்யும். தொலைபேசியை வாங்கிப் பார்ப்பது, தாய் வீட்டுக்குப் போகவிடாமல் மறிப்பது, அவள் கூலிக்குப் போய் உழைத்த காசை வாங்கி வைப்பது, "பிள்ளையளைக் கண்ணில காட்ட மாட்டன்" என்பது எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணின் நாளாந்த வாழ்க்கையைச் சிறிது சிறிதாகச் சுருக்குகின்றன. இப்படிப் பயத்தைக் கொண்டு ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் ஆளுவதைத் துறைசார்ந்தவர்கள் வற்புறுத்தல் கட்டுப்பாடு என்பார்கள். அடி அதில் ஒரு கருவி.

தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நலவாழ்வு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது துணைவரின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். ஒரு கிராம அலுவலர் பிரிவில் எத்தனை குடும்பம் என்று உங்களுக்குத் தெரியும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இது பொங்கி வழியும் கோபம் இல்லை, ஓர் ஆள் இன்னோர் ஆளை ஆளுகிற பழக்கம். இதை விளங்காமல் மூச்சுப் பயிற்சி கொடுத்தால், அமைதியாக மூச்சுவிட்டபடியே மிரட்டுகிற ஆள்தான் கிடைப்பார்.

கசிப்பும் போரும்

வன்னியில் இந்தப் பேச்சு தொடங்கினால் இரண்டு பதில் உடனே வரும். ஒன்று கசிப்பு என்ற கள்ளச்சாராயம், மற்றது 2009இல் முடிந்த போர். இரண்டையும் தட்டிவிட முடியாது. வடகிழக்கின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் நடக்கும் வன்முறைக்கும், தகப்பனின் குடிக்கும், குடும்பம் கண்ட போர் அனுபவத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. முள்ளிவாய்க்காலில் இருந்து முகாம், முகாமில் இருந்து தறப்பாள் கொட்டில், அதற்குப் பிறகு கடன் என்று வந்த மனிதர்கள் இவர்கள். நித்திரை வராத இரவுகளை நான் மறுக்கவில்லை.

ஆனால் பயிற்சியில் ஓர் அக்கா சொன்ன ஒரு வரியை என்னால் மறக்க முடியவில்லை: "அதே பங்கருக்குள்ளதான் அவளும் இருந்தவள்." அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். அவளுக்கும் நித்திரை இல்லை. அவள் யாருக்கும் கை நீட்டவில்லை. போரைக் கண்ட ஆண்களிலும் எத்தனையோ பேர் கை நீட்டுவதில்லை.

குடி துருசின் பிடியை இலகுவாக்கும், காயத்தைப் பெரிதாக்கும். அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். போரின் தாக்கத்துக்கு வைத்தியசாலையின் உளநலப் பிரிவு வேண்டும். அந்த இரண்டும் சரிவந்தால் வன்முறை தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. குடியை விட்டபிறகும் மனைவியின் தொலைபேசியை வாங்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒத்தூதுவது

பயிற்சியின் நடுப்பகுதி இதுதான். இதை விளங்கினால் பாதி விளங்கின மாதிரி.

கோயில் மேளத்தைக் கவனித்திருப்பீர்கள். நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அதற்குப் பெயர் ஒத்து. இப்போது அந்த வேலையைச் சுருதிப்பெட்டி செய்கிறது, அது வேறு கதை. ஒத்து ஊதுகிறவர் எந்த ராகமும் வாசிப்பதில்லை. ஆனால் அவர் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைச் சுருதியில்தான் மற்றவருடைய ராகம் நிமிர்ந்து நிற்கிறது.

வன்முறை செய்யும் ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது, கேட்கிற உத்தியோகத்தர் தனக்குத் தெரியாமலே அந்தக் கதைக்குச் சுருதி பிடித்துக் கொடுப்பதைத்தான் இந்தத் துறையில் ஒத்தூதுதல் என்ற பொருளில் சொல்கிறார்கள். வாயால் "நீங்கள் செய்தது சரி" என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தலையாட்டல் போதும். ஒரு சின்னச் சிரிப்பு போதும். "எல்லா வீட்டிலயும் உள்ளதுதானே அண்ணை" என்றால் தாராளம்.

பட்டறையின் முதல் நாள் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் கணவனாக நடித்தார். எத்தனையோ வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்ட பேச்சு என்பதால் அவருக்கு எழுதிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. எதிரே ஒரு கிராம அலுவலர்.

"சேர், விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பிப் போறன். வந்தால் ஒரு நேரச் சோறு ஒழுங்கா இல்லை. கேட்டால் வாய் காட்டுறா. மனுசன்தானே சேர்?"

"ஓமோம். கஷ்டம்தான்."

"எந்த நேரமும் ஃபோன். கடனும் அவ எடுத்ததுதான். அண்டைக்குக் கொஞ்சம் எடுத்தனான் சேர், இல்லையெண்டு சொல்லேல்லை."

"குடிச்சால்தான் இப்படியோ?"

அங்கே நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பயிற்றுநர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இதுவரைக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது எண்டு யாருக்காவது தெரியுமா?" ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் காயமா, பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. அவள் சமைக்கவில்லை, வாய் காட்டினாள், கடன் எடுத்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. போதாததற்கு, அவர் கோடிகாட்டிய குடியை நாங்களே ஒரு சாட்டாக எடுத்துக் கொடுத்துவிட்டோம். கிராம அலுவலர் நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். மரியாதையாகக் கேட்டார், அவ்வளவுதான். நானும் பின்வரிசையில் இருந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு மறுகரையும் உண்டு. "உனக்கு வெக்கமில்லையோ, நீயெல்லாம் ஆம்பிளையோ" என்று ஏசுவது. கேட்பவர்களுக்கு மனம் குளிரும். ஆனால் ஏச்சு வாங்கிய மனிதர் எங்கே போவார்? வீட்டுக்கு. யார் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது என்று யாரைக் கேட்பார்? நாங்கள் கொடுத்த ஏச்சுக்கு வட்டி கட்டுவது அவள். அதனால் மனிதரை மரியாதையாக நடத்தவேண்டும், அவர் கதைக்கு மட்டும் சுருதி பிடிக்கக்கூடாது. சொல்ல இலகு. செய்யத்தான் நாட்கணக்கில் பழகவேண்டியிருக்கிறது.

வினைச்சொல்லைக் கேட்பது

எப்படிப் பழகுவது? எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான், ஏனென்றால் அது எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது.

கை நீட்டியவர்கள் பேசும்போது வினைச்சொற்களை மட்டும் கவனியுங்கள். "சண்டை வந்திட்டுது." "வாய்த்தர்க்கம் முத்திட்டுது." "கை பட்டிட்டுது." "பானை உடைஞ்சிட்டுது." "அவவுக்கு அடி விழுந்திட்டுது." எந்த வசனத்திலும் ஆள் இல்லை. சண்டை தானாக வந்தது, கை தானாகப் பட்டது, பானை தானாக உடைந்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே. உடைந்தது, உடைத்தேன். விழுந்தது, விழுத்தினேன். வீட்டு வன்முறையைப் பற்றிய பேச்சு முழுவதும் முதல் வகையில்தான் ஓடும். அது வான் பாய்கிற மொழி.

உத்தியோகத்தரின் வேலை, ஏசாமல், வாதாடாமல், அந்த வசனத்துக்குள் ஆளைத் திரும்பக் கொண்டுவருவது. "ஏன் அடிச்சனீங்கள்?" என்று கேட்டால் காரணங்கள்தான் வரும், மறுபடி சோறு, வாய், கடன். "ஏன்" என்பதை வைத்துவிட்டு "எங்கே, எப்படி, அடுத்தது என்ன" என்று கேட்கவேண்டும். இரண்டாம் நாள் அதே குடும்பநல உத்தியோகத்தர் மறுபடி கணவனாக இருந்தார். இந்த முறை எதிரே ஓர் உளவளத்துணையாளர்.

"பானை எங்க இருந்தது அண்ணை?"

"அடுப்படித் திட்டில."

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"வாசல்ல."

"வாசல்ல இருந்து திட்டுக்கு என்னெண்டு போனனீங்கள்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நடந்துதான்."

"அப்ப அவ எங்க நிண்டவ?"

"திட்டுக்குப் பக்கத்தில."

"மகள்?"

"... தாய்க்குப் பின்னால."

"பிறகு?"

"பானையைத் தூக்கி எறிஞ்சனான்."

உடைந்தது, எறிந்தேன் ஆகிவிட்டது. நடித்துக்கொண்டிருந்தவரே சற்று நேரம் தலையை நிமிர்த்தவில்லை. தாய்க்குப் பின்னால் நின்ற மகள் அந்த இடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். செய்ததைச் செய்தவரே தன் வாயால், தன்னை எழுவாயாக வைத்துச் சொல்வதுதான் பொறுப்பேற்றலின் முதல் படி. மன்னிப்பு, கண்ணீர், கோயிலில் சத்தியம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தால்தான் பெறுமதி. சிலவேளை இவையே அவளை வாயடைக்கவைக்கும் வழியாகவும் இருக்கும்.

மகள் என்ற சொல்லைச் சும்மா கேட்கவில்லை. கணவனாகப் பேச மறுக்கிற பலர் தகப்பனாகப் பேசத் தயாராக இருக்கிறார்கள். "உங்கட பிள்ளை பெரிசானாப்பிறகு அப்பாவைப் பற்றி என்ன ஞாபகம் வைச்சிருக்கவேணும் எண்டு நினைக்கிறீங்கள்?" என்ற கேள்விக்கு உடனே சாட்டுச் சொல்ல வராது.

சுருக்கம்: சாட்டுக்குத் தலையாட்டாதே, ஆளை ஏசாதே, நடந்ததை அடியடியாகக் கேள், ஆள் இல்லாத வசனத்தில் ஆளைக் கொண்டுவா.

வாய் தவறக்கூடாத இடம்

ஒரு விதி மட்டும் எல்லோருக்கும், முதல் நாளில் இருந்தே: மனைவி சொன்னதை அவரிடம் சொல்லாதீர்கள். "உங்கட மனிசி வந்து சொன்னவ" என்ற ஒரு வசனம் ஓர் உயிரை எடுக்கலாம். அவள் யாரிடமும் எதுவும் சொல்லாதபோதுகூட, எங்கள் ஊரில் உத்தியோகத்தரின் மோட்டார்சைக்கிள் யார் கேற்றடியில் நின்றது என்பது பொழுதுபடுமுன் கடை வரைக்கும் போய்விடும். அதனால் போவதற்கு வேறு காரணம் வேண்டும், போகும் நேரம் யோசிக்கவேண்டும்.

இன்னொன்று, ஆபத்து எவ்வளவு என்று கணிப்பது. இதற்குப் பெயர் இடர் மதிப்பீடு. கண்ணிவெடிப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மண் அமைதியாகத்தான் தெரியும், பலகையை நம்பித்தான் நின்றோம். இங்கேயும் சில பலகைகள் உண்டு. கழுத்தை நெரித்தது மிகப் பெரிய எச்சரிக்கை, காயம் வெளியே தெரியாவிட்டாலும். கொல்லுவேன் என்ற மிரட்டல், கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்தது, அவள் கர்ப்பமாக இருப்பது, அவள் பிரிந்துபோகத் தீர்மானித்த காலம், "நீ போனால் பூச்சிமருந்து குடிப்பன்" என்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் பேச்சுத் திறமையைக் காட்டும் நேரம் முடிந்துவிட்டது, அவளுடைய பாதுகாப்பைப் பார்க்கிறவர்களுக்கு உடனே சொல்லவேண்டும்.

யார் எதுவரை போகலாம்?

எல்லோரும் எல்லாம் செய்யத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடும்ப வன்முறை பற்றிய அரச ஆணைக்குழு 2016இல் 227 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே உருவான முறையில் ஆசிரியர், தாதி போன்றோருக்கு ஒரு அளவு, சமூக சேவையாளருக்கு இன்னொரு அளவு, விசேட பயிற்சி பெற்றவர்களுக்கு முழு வேலை என்று பிரித்திருக்கிறார்கள். எங்களுக்கும் அந்தப் பிரிப்பு பொருந்தும். கிராம அலுவலர் ஒத்தூதாமல் இருந்து, அறிகுறியைக் கண்டு, சரியான ஆளிடம் அனுப்பினால் போதும். மனிதரை மாற்றுகிற நீண்ட வேலை பயிற்சி பெற்ற உளவளத்துணையாளருடையது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம், அது 12 மாதம் வரை நடைமுறையில் இருக்கும். அதோடு ஆலோசனைக்குப் போகும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த ஆலோசனையைக் கொடுக்கிறவர் ஒத்தூதுகிறவராக இருந்தால், நீதிமன்றமே அனுப்பியும் பிரயோசனம் இல்லை.

"இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்திச் சமாதானமாக்கி விடுங்கோ" என்பது எங்கள் ஊரின் வழக்கமான தீர்ப்பு. இணக்கம் வேலிச் சண்டைக்கு நல்லது. இரு பக்கமும் பயமில்லாமல் வாய் திறக்க முடிந்தால்தான் அது இணக்கம். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் எதைச் சொல்வாள்? சொன்னால், போகும் வழியில் என்ன நடக்கும்? இவர்களை ஒன்றாக இருத்திப் பேசுவதை இந்தப் பயிற்சி தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மாறுகிறார்களா?

1977இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கை நீட்டும் ஆண்களுக்கான முதல் குழு தொடங்கியது. அதன்பின் மினசோட்டாவின் டுலூத் நகரில் பொலிஸ், நீதிமன்றம், பெண்கள் அமைப்பு, ஆண்கள் குழு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிய முறை வந்தது. வாரம் ஒரு தடவை, மாதக்கணக்கில், இப்படியான குழுக்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பலன் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பலன் சிறிதுதான் என்பவையும் உண்டு. இங்கிலாந்தில் 2015இல் வெளியான மிராபல் ஆய்வில், குழுவுக்குப் போன ஆண்களின் துணைவியரில், அறைந்தார், தள்ளினார், பொருளால் எறிந்தார் என்று தொடக்கத்தில் சொன்ன பெண்கள் 87 சதவீதம், ஒரு வருடத்தின் பின் 7 சதவீதம். ஆனால் அதே ஆய்வில், மற்றக் கட்டுப்பாடுகள் அந்த வேகத்தில் குறையவில்லை. கை நின்றது, துருசின் பிடி முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை.

இந்த எண்கள் பெண்களிடம் கேட்டு எடுத்தவை என்பதைக் கவனியுங்கள். நல்ல குழுக்கள் எல்லாவற்றிலும் ஆணோடு பேசுகிறவரைத் தவிர, அந்த ஆணின் துணைவியோடு இரகசியமாகத் தொடர்பில் இருக்க வேறொருவர் இருப்பார். தான் மாறிவிட்டதாக அந்த ஆணே சொன்னால் அது செய்தி மட்டும்தான். வன்னியில் அந்தத் தொடர்பாளர் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கலாம், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவ சில அரச வைத்தியசாலைகளில் உள்ள மித்துரு பியச நிலையத்தில் இருப்பவராக இருக்கலாம். பெண்கள் நேரடியாகப் பேச 1938 என்ற அரச உதவி இலக்கமும் இருக்கிறது.

அந்தத் தொடர்பாளர் ஆறு மாதம் கழித்துப் போகும்போது "இப்ப அடிக்கிறாரோ?" என்பதோடு நிற்பதில்லை. சந்தைக்குப் போறதெண்டால் யாரைக் கேட்டுப் போறீங்கள்? சீட்டுக் காசு இப்ப யாருடைய கையில? அம்மா வீட்டுக்குக் கடைசியாக எப்ப போனனீங்கள்? இரவில அவரின்ர மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் மகள் என்ன செய்யிறா?